நான்கு தெர்மாமீட்டர்களின் சாட்சியம்

ஒரு தெர்மாமீட்டர் தப்பாகக் காட்டினால் அது பழுது. இரண்டு தப்பாகக் காட்டினால் விற்ற கடைக்காரன் மோசம். நான்கும் சொல்லி வைத்தாற்போல் ஒரே தப்பைக் காட்டினால்?

திருட்டு என்றார் ஹெட்மாஸ்டர் நாராயணப்பன்.

1956 ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியட். ஓசூரில் ஒரு ஜில்லா போர்டு ஹைஸ்கூலின் சயன்ஸ் அறை. நாற்பத்தொரு மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சயன்ஸ் வாத்தியார் முனிவேல் ஸ்பிரிட் அடுப்பின்மேல் கண்ணாடிக் குடுவையை வைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்தார். எட்டு வருஷமாக அவர் அதே பாடத்தைச் சாக்பீசால் நடத்தியவர். குடுவையும் கரும்பலகையில், நெருப்பும் கரும்பலகையில். நிஜச் சாமான்கள் சுவரோரத்துக் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் அட்டெண்டர் ஆஞ்சப்பன் அரைஞாண் கயிற்றில் தொங்கும் சாவியால் பீரோவைத் திறப்பார், வேட்டித் துணியால் ஒவ்வொன்றையும் துடைப்பார், மறுபடி பூட்டுவார். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் அந்தப் பூட்டு. தாலுகா முழுக்க அதே பூட்டுதான்.

அந்தப் பூட்டைத் திறக்க வைத்தது மே மாதத்துப் பயிற்சி. சயன்ஸ் ஆசிரியர்களுக்கென்று மதராசில் நான்கு வாரம் வகுப்பு நடந்தது. நடத்தியவர் மாரிசாமி என்ற விரிவுரையாளர். முதல் நாளே அவர் சொன்னார்: "இனிமே வாயால சயன்ஸ் நடத்தாதீங்க சார். கையால நடத்துங்க. கண்ணால என்ன பாத்தீங்களோ அதை எழுதுங்க. அவ்வளவுதான் என் பாடம்."

முப்பத்து நான்கு வயதில் முனிவேல் முதல் தடவையாகத் தன் கையால் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். பாதரசம் ஏறிற்று. நூறில் வந்து நின்றது. அப்படியே ஆணி அடித்தாற்போல் நின்றது. எட்டு வருஷமாக அவர் சத்தியம் பண்ணிவந்த ஒரு விஷயம் நிஜமாகவே நடந்துவிட்டது.

அந்த முனிவேல்தான் இப்போது ஓசூரில் குடுவையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பாதரசம் தொண்ணூற்றேழில் நிற்கிறது.

காத்திருந்தார். அசையவில்லை. இரண்டாவது தெர்மாமீட்டரை எடுத்தார். தொண்ணூற்றேழு. மூன்றாவது, நான்காவது. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு.

"சார், புஸ்தகத்துல நூறுன்னு போட்டிருக்குதுங்க," என்றது ஒரு குரல். பின்பெஞ்சில் சிரிப்பு.

கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முனிவேல் எழுதினார். 'பள்ளியில் உள்ள நான்கு தெர்மாமீட்டர்களும் மூன்று டிகிரி குறைத்துக் காட்டுகின்றன. மாற்றித் தர வேண்டுகிறேன்.' இரண்டே வரி. ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மனைவி சரோஜம்மாள் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சேலத்துப் பெண். ஓசூருக்கு வாழ வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே வழக்குதான்.

"ஏனுங்க, இந்த ஊரு பருப்பு வேகவே மாட்டேங்குது. எங்கூர்ல இந்நேரத்துக்குக் கரைஞ்சு போயிருக்கும்."

"விறகை நல்லா எரிய விடு."

"எரிய விடாம ஊதிக்கிட்டா இருக்கேன்? பருப்பு நல்ல பருப்பு. உங்க ஊருதான் சரியில்லை."

முனிவேல் காதில் வாங்கவில்லை. அவர் மனமெல்லாம் அந்த மூன்று டிகிரியில் இருந்தது. சரியான சாட்சி இரண்டு முழ தூரத்தில் நின்று வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

மறுநாள் காலை ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். நாராயணப்பன் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தையும் ஒரு புள்ளி விழாமல் கடத்திவிட வேண்டும் என்பது அவர் விரதம். மேஜையில் ஸ்டாக் புத்தகம் விரிந்திருந்தது.

"இங்க பாருங்க முனிவேல். தெர்மாமீட்டர் நாலு, நல்ல நிலையில். ஏழு வருஷமா எழுதியிருக்கேன். ஏழு வருஷமும் இன்ஸ்பெக்டர் பாத்துக் கையெழுத்து வெச்சிருக்காரு. நல்ல சரக்கு கெட்ட சரக்கா எப்படி மாறும்?"

"அது தெரியலைங்க சார். ஆனா இப்பக் காட்டறது தப்பு."

"கை மாறினாத்தான் மாறும். சாவி யார்கிட்ட இருக்குது?"

முனிவேலுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. "அவன் அப்படிப்பட்ட ஆளில்லைங்க சார்."

"எல்லை நாலு மைலு. ஜூஜுவாடியைத் தாண்டினா மைசூர் ராஜ்யம். நல்லதை அந்தப் பக்கம் வித்துட்டு சந்தைச் சரக்கு நாலு வாங்கி வெச்சா யாருக்குத் தெரியும்? நீங்க மதராசுக்குப் போய்ப் படிச்சிட்டு வந்ததாலதானே கண்டுபிடிச்சீங்க. உங்களைப் பத்தி நல்லபடியா எழுதி அனுப்பறேன்."

செப்டம்பரில் ஆஞ்சப்பன் சஸ்பெண்ட் ஆனார்.

*

மூக்கண்டப்பள்ளிக்கு அப்பால் சேரியில் ஆஞ்சப்பனின் வீடு. அப்பனும் பாட்டனும் ஊர்க் கவுண்டர்களின் கேழ்வரகுக் காட்டில் உழைத்துத் தேய்ந்தவர்கள். சர்க்கார் வேலைக்குக் காக்கிச் சட்டை போட்டது அந்த வம்சத்தில் ஆஞ்சப்பன் ஒருவர்தான். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று மூன்று பாஷை பேசுவார். எழுத ஒன்றும் தெரியாது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனிவேல் அங்கே போனார். கையில் வெள்ளைத்தாளும் பேனாவும். ஹெட்மாஸ்டர் ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார். போலீஸ், கோர்ட்டு என்று போகாமல் இதை முடிக்க அது ஒன்றுதான் வழி என்று முனிவேலும் நம்பினார்.

ஆஞ்சப்பனின் மனைவி கெம்பம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஆஞ்சப்பன் உட்காரப் பலகை எடுத்துப் போட்டார்.

"ஆஞ்சப்பா, துடைக்கறப்போ கை தவறி நாலும் உடைஞ்சிடுச்சு, பயந்துக்கிட்டு சந்தையில வேற வாங்கி வெச்சிட்டேன்னு எழுதிக் குடுத்துடு. தெரியாம நடந்த தப்புன்னா ஒரு மெமோவோட போயிடும்னு ஹெட்மாஸ்டர் சொல்றாரு."

"நான் உடைக்கலையே சார்."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னா எதுக்கு எழுதணும்?"

முனிவேல் பேனா மூடியைக் கழற்றினார். "நாலும் தப்பாக் காட்டுதே. அதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல."

ஆஞ்சப்பன் கொஞ்ச நேரம் அந்த வெள்ளைத்தாளையே பார்த்தார். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க சார். நீங்க தப்பாக் காட்டுதுன்னா தப்பாத்தான் காட்டும். நானே எப்பவாச்சும் வெயில்ல வெச்சுக் கெடுத்துட்டேனோ என்னவோ. எழுதுங்க."

"அதெல்லாம் வேண்டாம்," என்றாள் கெம்பம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "செய்யாததுக்கு ரேகை வெக்கக் கூடாது."

"சும்மா இரு புள்ளே. சார் நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாரு."

முனிவேல் எழுதினார். அழகான கையெழுத்து. எழுத்துக்கு எழுத்து முத்து. ஆஞ்சப்பன் கட்டை விரலை மையில் தோய்த்துக் கீழே ஒற்றினார்.

மெமோ வரவில்லை. விசாரணை என்று தாக்கீது வந்தது. டிசம்பர் மாதம், கிருஷ்ணகிரியில், ஜில்லா கல்வி அதிகாரி முன்னிலையில்.

*

அதே டிசம்பரில் கிருஷ்ணகிரியில் இன்னொரு காரியமும் இருந்தது. மதராஸ் பயிற்சியின் இரண்டாம் கட்டம், பத்து நாள். மாரிசாமியே வந்திருந்தார். சுற்று வட்டாரத்துச் சயன்ஸ் ஆசிரியர்கள் இருபத்திரண்டு பேர் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடினார்கள். கடைசி நாள் கல்வி அதிகாரி வந்து சான்றிதழ் கொடுப்பார். கையோடு பக்கத்து அறையில் ஆஞ்சப்பனின் விசாரணையையும் முடித்துவிட்டுப் போவார்.

முதல் நாள் பரிசோதனை, பழையபடி நீரின் கொதிநிலை.

முனிவேலுக்குப் பக்கத்து மேஜை சூளகிரிப் பக்கத்துச் சின்னராஜுக்கு. மனிதர் நோட்டை விரித்ததும் முதல் காரியமாக 'கொதிநிலை 100' என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.

"தண்ணியே இன்னும் சுடலையே சார்," என்றார் முனிவேல்.

"சுட்டா நூறுதானே வரப்போவுது. வேற என்ன, இருநூறா வரும்? முதல்ல விடையை எழுதிட்டா மனசு லேசாயிடும். அப்புறம் நிம்மதியா வேடிக்கை பாக்கலாம்."

முனிவேலின் குடுவை கொதித்தது. குனிந்து பார்த்தார். தொண்ணூற்றெட்டே கால். சின்னராஜின் மேஜையை எட்டிப் பார்த்தார். அங்கேயும் தொண்ணூற்றெட்டே கால்.

இங்கேயுமா? இந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பீரோ, ஒரு சாவி, ஒரு அட்டெண்டர். ஹால் மூலையில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முனிவேல் எழுதிய இரண்டு வரி ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இன்னொரு தடவை அந்தப் பாவம் வேண்டாம்.

நோட்டில் 100 என்று எழுதினார்.

மாரிசாமி இருபத்திரண்டு நோட்டுகளையும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்தார். இருபத்திரண்டிலும் நூறு.

நாலாம் நாள் மத்தியானச் சாப்பாடு. இலையில் சாம்பார் விழுந்தது. சின்னராஜ் பிசைந்துகொண்டே சொன்னார்: "இந்த ஊரு சாம்பார் பாத்தீங்களா சார். பருப்பு கண்ணுக்கே தெரியலை. நம்ம பக்கம் எத்தனை விறகு வெச்சாலும் பல்லுல மாட்டும். ஓசூர்ல கேக்கவே வேண்டாம்."

முனிவேலின் கை பாதியில் நின்றது.

ஏழாம் பாடம். எட்டு வருஷமாக அவர் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்த ஏழாம் பாடம். 'உயரமான இடங்களில் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகையால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கும். உதாரணம்: இமயமலை.' பரீட்சையில் மூன்று மார்க். இமயமலை என்று எழுதாதவனுக்கு அவரே ஒரு மார்க் குறைத்திருக்கிறார்.

ஓசூர் மலையா? ஓசூரை யாரும் மலை என்று சொன்னதில்லை. தட்டையான ஊர். கேழ்வரகுக் காடும் ஏரியும். மலை என்றால் கோயில் இருக்கும் குன்று. கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பஸ் சூளகிரியைத் தாண்டி முக்கி முனகி வரும்போதுகூட ஜனங்கள் "வண்டி இழுக்கலை" என்றுதான் சொல்வார்கள். ஏறுகிறோம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

எச்சில் கையோடு எழுந்து ஓடினார்.

மாரிசாமி சாப்பிட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். முனிவேல் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை வெற்றிலை கையிலேயே இருந்தது.

"ஓசூர் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார்.

சுவரில் ஜில்லா படம் தொங்கியது. ஏறத்தாழ மூவாயிரம் அடி.

"ஆயிரம் அடிக்கு ஒரு டிகிரின்னு வெச்சுக்குங்க. மூணு டிகிரி. தொண்ணூத்தேழு." மாரிசாமி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "நாலும் சரியாத்தான் சொல்லியிருக்கு. தப்பாக் காட்டியிருந்தா ஆளுக்கு ஒண்ணு காட்டியிருக்கும். ஒரே மாதிரி காட்டுச்சே, அப்பவே யோசிச்சிருக்கணும்."

"நீங்க மதராஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..."

"நான் கடற்கரையில பொறந்து கடற்கரையில வேலை பாக்கறவன் முனிவேல். எனக்கு எங்க கொதிச்சாலும் நூறு. தோணவே இல்லை." பிறகு சொன்னார்: "அதிகாரி வரட்டும். நான் வந்து சொல்றேன். பயப்படாதீங்க."

ஆறு நாள் முனிவேல் நிம்மதியாகத் தூங்கினார்.

*

சனிக்கிழமை, காலை பத்து மணி.

அதிகாரி நாற்காலியில் இருந்தார். சரித்திரம் படித்தவர், நிதானமானவர், காதைக் கொடுத்துக் கேட்பவர் என்று பேர். அவருக்கு வலது பக்கம் நாராயணப்பன். மேஜையில் அரக்கு வைத்த துணிப்பைக்குள் நான்கு தெர்மாமீட்டர்கள். சுவரோரம் ஆஞ்சப்பன், துவைத்து மடித்த காக்கிச் சட்டையில்.

முனிவேல் அனுமதி கேட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். அரக்கை உடைத்து நான்கையும் ஒவ்வொன்றாக நீராவியில் பிடித்தார். அதிகாரி எழுந்து வந்து தாமே குனிந்து பார்த்தார். நான்கும் தொண்ணூற்றெட்டே கால்.

"உங்கள் கடிதத்தில் மூன்று டிகிரி குறைவு என்று இருக்கிறது. அதாவது தொண்ணூற்றேழு," என்றார் அதிகாரி. "இப்போது தொண்ணூற்றெட்டுக்கு மேல். ஊருக்கு ஒரு பேச்சுப் பேசும் கருவியை நல்ல கருவி என்கிறீர்களா?"

"அதுதாங்க சார் நல்ல கருவி. ஓசூர் உயரம், அங்க தொண்ணூத்தேழு. இது பள்ளம், ஒண்ணேகால் ஏறியிருக்குது. மதராஸ்ல வெச்சா நூறு காட்டும். எதுவும் மாறலை, யாரும் மாத்தலை. இது ஏழாம் பாடத்துல இருக்குது சார். நான்தான் கவனிக்கலை. தப்பு என்னோடது."

அதிகாரி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். ஆஞ்சப்பன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"மாரிசாமியைக் கூப்பிடுங்கள்."

மாரிசாமி வந்தார்.

"இவர் சொல்வது சரியா?"

"கொள்கையளவில் சரிதான் சார்."

"கொள்கையளவில் சரி." அதிகாரி பக்கத்தில் அடுக்கியிருந்த நோட்டுகளில் மேலே இருந்ததை எடுத்தார். சான்றிதழுக்காக அவர் மேஜைக்கு வந்திருந்த நோட்டுகள். "நோட்டளவில்? இதே ஊரில், இதே ஹாலில், ஒன்பது நாளைக்கு முன்னால் இருபத்திரண்டு பட்டதாரி ஆசிரியர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு பேருக்கும் நூறு வந்திருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. இந்த நோட்டு பொய்யா?"

அறையில் அடுப்பின் சீறல் மட்டும் கேட்டது. பதினொரு மணிக்குச் சான்றிதழ் விழா. பக்கத்து ஹாலில் பெஞ்சுகள் இழுபடும் சத்தம். நோட்டு பொய் என்றால் கையெழுத்து பொய். கையெழுத்து பொய் என்றால் பயிற்சி பொய். மாரிசாமி தம் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோட்டும் சரிதான் சார்," என்றார் கடைசியில். முனிவேலின் பக்கம் திரும்பாமலே வெளியே போனார்.

அதிகாரி அடுக்கிலிருந்து இன்னொரு நோட்டை உருவினார். "இது உங்களுடையது. நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

முனிவேல் நோட்டைக் கையில் வாங்கினார்.

"படியுங்கள்."

"நூறு."

"கண்ணால் பார்த்து எழுதினீர்களா?"

"இல்லைங்க சார். பயந்து எழுதினேன். உள்ளதை எழுதினா இந்த ஊர் அட்டெண்டருக்கும் வேலை போயிடுமோன்னு..."

நாராயணப்பன் லேசாகச் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். முத்து முத்தான எழுத்து.

"இது யார் எழுதியது?"

"நான்தான் சார்."

"கீழே இருக்கும் ரேகை?"

"என்னோடதுங்க," என்றார் ஆஞ்சப்பன் சுவரோரத்திலிருந்து.

"உடைத்தான், மாற்றினான் என்று எழுதியது நீங்கள். உடையவில்லை, மாறவில்லை என்று கொதிக்க வைத்துக் காட்டுவதும் நீங்கள். நான் எந்த முனிவேலை நம்பட்டும்?"

"இப்ப நிக்கிற ஆளை நம்புங்க சார்."

"அவர் எதுவும் எழுதித் தரவில்லையே."

"இப்பவே எழுதித் தரேன்."

"தரலாம். உங்கள் ஹெட்மாஸ்டர் மூலமாக, முறைப்படி. அவர் பார்த்து, சிபாரிசு செய்து, எனக்கு அனுப்ப வேண்டும்."

எல்லோரும் நாராயணப்பனைப் பார்த்தார்கள். நாராயணப்பன் கூரையைப் பார்த்தார். அங்கே ஓடுகள் வரிசையாக, ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

ஆஞ்சப்பனுக்கு வேலை நீக்கம். போலீசுக்கு அனுப்பாமல் விடுவது தயவு என்று உத்தரவில் ஒரு வரி.

பதினொன்றேகாலுக்கு முனிவேலின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கை தட்டினார்கள். சுருட்டிய காகிதத்தை அதே அதிகாரி அவர் கையில் கொடுத்தார். 'பரிசோதனை செய்து கற்பிக்கும் திறன்: மிக நன்று.'

*

மத்தியானம் இரண்டரை மணி பஸ். முன் சீட்டில் நாராயணப்பன். அவர் மடியில் வைக்கோல் திணித்த அட்டைப்பெட்டி. திருட்டுப் போனதற்குப் பதிலாக இலாகா புதிதாகக் கொடுத்த நான்கு தெர்மாமீட்டர்கள். பள்ளம் மேட்டில் அடிபடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பின் சீட்டில் ஆஞ்சப்பன். முனிவேல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு எழுதிக் குடுக்கறேன் ஆஞ்சப்பா. மந்திரி வரைக்கும் எழுதறேன்."

"வேண்டாங்க சார்," என்றார் ஆஞ்சப்பன். குரலில் கோபமே இல்லை. "நீங்க எழுதினது போதும்."

சூளகிரி வந்தது. நாலு பேர் இறங்கினார்கள், ஒரு கோழிக்கூடை ஏறியது. மறுபடி பஸ் முனக ஆரம்பித்தது. டிரைவர் கியரை மாற்றினான்.

"வண்டி இழுக்கலை," என்றாள் கூடைக்காரி.

ஆஞ்சப்பன் ஜன்னல் வழியே பின்னால் இறங்கிப் போகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல போகப் போகக் குறையும்னு சொன்னீங்களே சார், அங்க, அவர்கிட்ட."

"ஆமா."

"இப்ப இந்த இடத்துல எவ்வளவு இருக்கும்?"

முனிவேல் வெளியே பார்த்தார். "தொண்ணூத்தேழரை இருக்கும்."

ஆஞ்சப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு விளங்கிவிட்டது. விசாரணை அறையில் இருந்த அத்தனை பேரிலும் அந்தப் பாடம் முழுசாக விளங்கியது எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஒரு மனிதருக்குத்தான்.

"அப்ப நான் வெயில்ல வெச்சுக் கெடுக்கலை."

"இல்லை."

"ராத்திரியெல்லாம் அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன் சார். எந்த வெயில்ல, எந்த நாள்ல வெச்சோம்னு." கொஞ்சம் பொறுத்து, முன் சீட்டை நோக்கி மோவாயை நீட்டினார். "அந்தப் பெட்டியில இருக்கறதும் நம்ம ஊர்ல தொண்ணூத்தேழுதான் காட்டும், இல்லீங்களா?"

"ஆமா."

"அப்ப அடுத்தது யாருங்க?"

பஸ் ஓசூருக்குள் நுழைந்தது. இறங்க எழுந்த முனிவேல் ஆஞ்சப்பனைப் பார்த்தார். ஆஞ்சப்பன் எழுந்திருக்கவில்லை.

"நான் அத்திப்பள்ளி போறேன் சார். கெம்பம்மா போன மாசமே அங்க செங்கல் சூளைக்குப் போயிட்டா. எல்லைக்கு அந்தப் பக்கம் யாரும் என்னைத் தெர்மாமீட்டர்க் கள்ளன்னு கூப்பிட மாட்டாங்க." அரைஞாண் கயிற்றில் சாவி தொங்கிய இடத்தைக் கை தானாகவே தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. "போயிட்டு வாங்க சார்."

கீழே நாராயணப்பன் நின்றுகொண்டிருந்தார். பெட்டியை இடுக்கிக்கொண்டு சட்டைப் பையைத் துழாவினார்.

"முனிவேல், இனிமே சாவியை அட்டெண்டர்கிட்டக் குடுக்கறதா இல்லை. பொறுப்பான ஆள்கிட்ட இருக்கட்டும்." பழைய சாவியை எடுத்து நீட்டினார். கயிற்றின் எண்ணெய்ப் பிசுக்கு அதில் இன்னும் இருந்தது. "புதுசு நாலும் நல்ல நிலையில்னு ஸ்டாக் புத்தகத்துல திங்கக்கிழமை எழுதிடறேன்."

"கொதிக்க வெச்சு ஒரு தடவை பாத்துட்டு எழுதலாமே சார்."

நாராயணப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பாக்கறீங்களா?"

பின்னால் பஸ் உறுமிக்கொண்டு ஜூஜுவாடிப் பக்கம் கிளம்பியது. ஜன்னலில் காக்கிச் சட்டையின் கை ஒன்று தெரிந்தது. சாவி முனிவேலின் உள்ளங்கையில் இருந்தது.

"வேண்டாங்க சார்," என்றார் முனிவேல். "நூறுதான் காட்டும்."